எடுத்து வைத்த ஒரு நிமிடம்

மேலப்புலம் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குலசேகரன் அதன் தலைவர். கேன்டீன் அமுதவல்லி அக்கா செயலாளர். நூலக உதவியாளர் துரைக்கண்ணு உறுப்பினர். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் அவரேதான். எதையும் கூடிப் பேசாமல் செய்வதில்லை என்பது மன்றத்தின் கொள்கை. பேசாமல் செய்திருந்தால் சேதம் சற்றுக் குறைந்திருக்கும்.

அந்த ஆண்டும் அக்கரைக் கல்லூரியிடம் தோற்றார்கள். முப்பத்தொன்பது நிமிடம் முன்னணியில் இருந்துவிட்டு, நாற்பதாவது நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். குலசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கரைக் கல்லூரியின் தீவிர ரசிகர், அவருடைய மனைவியின் அண்ணன் வீரபத்திரன். தோற்றவர் கடையின் மேல், வென்ற கல்லூரியின் கொடி ஓராண்டு பறக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் பந்தயம். மூன்று ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடையின் மேல் அக்கரையின் பச்சைக் கொடிதான். பழையது வெளுத்துவிட்டதென்று இந்த முறை வீரபத்திரன் புதிதாகவே தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கம்பம் சாஞ்ச மாதிரி இருக்கே? நிமித்திக் கட்டுங்க. தூரத்துலேர்ந்து தெரிய வேண்டாமா?"

குலசேகரன் கம்பத்தை நிமிர்த்திக் கட்டிவிட்டு, நேராகப் பயிற்சியாளர் ஞானமுத்துவிடம் போய் நின்றார்.

"அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் யாராவது எடுத்திருந்தா, ஜெயிச்சது நாமதான்யா" என்று பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார்.

மன்றம் உடனே கூடியது.

"எடுக்கணும்னு சார் சொல்லிட்டார். எதுலேர்ந்து எடுக்கிறது?" என்றார் குலசேகரன்.

"நிமிஷம் கடிகாரத்துலதானே இருக்கும்?" என்றார் அமுதவல்லி அக்கா.

துரைக்கண்ணு நெடுநேரம் யோசித்தார். "முதல்லயே தூக்கக் கூடாது. முப்பத்தொன்பதும் தீர்ந்த பிறகு உள்ளே மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான். அப்ப எடுத்தா வேற நிமிஷம் எதுவும் கலந்து வராது."

இவ்வளவு நுணுக்கமான வேலைக்குப் பயிற்சி வேண்டுமல்லவா? ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் முன்பே பேருந்தை நிறுத்தச் சொல்லிக் கரும்புக் கொல்லையில் இறங்கினார்கள். அக்கா இட்லியை ஒரு நிமிடம் முன்பே இறக்கினார். விடுதி மாணவர்கள் அதைக் கரண்டியால் சாப்பிட்டார்கள். துரைக்கண்ணு நூலகத்தை ஒரு நிமிடம் முன்பே பூட்டினார். தமிழ்ப் பேராசிரியர் உள்ளே இருந்தார். மூவருமாக ஒரு துப்பறியும் படத்துக்குப் போய், முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எழுந்து வந்தார்கள். கொலை செய்தது யார் என்பதில் இன்றுவரை மன்றத்தில் மூன்று கருத்து.

மறு ஆண்டுப் போட்டி மேலப்புலத்திலேயே நடந்தது. முப்பத்தொன்பதாவது நிமிடம் முடிந்தபோது மேலப்புலம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது.

"தலைவரே, இந்தத் தடவை நாம பின்னாடில்ல இருக்கோம்? எடுக்கத்தான் வேணுமா?" அக்கா தயங்கினார்.

குலசேகரன் தம் கடைக் கொடியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். "முன்னாடி இருந்தப்பவே நம்மளைக் கவுத்த நிமிஷம்க்கா அது. பின்னாடி இருக்கிறப்ப சும்மா விடுமா?"

மறுக்க முடியாத வாதம். அக்கா நடுவர் மேசையில் தேநீர்த் தட்டை வைத்தார். திரும்பும்போது முந்தானைக்குள் கடிகாரம் இருந்தது.

அதே நேரத்தில் மேலப்புலத்தின் நெட்டை ஆட்டக்காரன் செழியன் மூன்று பேரைத் தாண்டிவிட்டான். அவனுக்கும் வளையத்துக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. பந்தை உயர்த்தினான். விசில் ஒலித்தது.

"நிறுத்துங்க! கடிகாரத்தைக் காணோம்!"

மேசைக்கு அடியில் தேடினார்கள். தேநீர்க் குவளைக்குள்ளும் பார்த்தார்கள். அதற்குள் கடிகாரம் குலசேகரனின் தோள்பைக்குக் கைமாறியிருந்தது. கடைசியில் நடுவர்கள் கலந்து பேசி, அந்த நேரத்துப் புள்ளிகளே இறுதி என்று அறிவித்தார்கள்.

ஞானமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு நிமிஷம் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமே!"

"கவலைப்படாதீங்க சார்" என்று குலசேகரன் தோள்பையைத் தட்டிக் காட்டினார். "அது பத்திரமா என்கிட்ட இருக்கு."

வீரபத்திரன் மடித்த கொடியோடு சிரித்துக்கொண்டே வந்தார். குலசேகரன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கட்டிக்கிறேன் மச்சான். ஆனா அடுத்த வருஷம் உங்களுக்கு நாற்பது நிமிஷம், எங்களுக்கு நாற்பத்தொண்ணு."

அப்போதுதான் பைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது. துரைக்கண்ணு பையை அப்படியே பொத்திப் பிடித்தார். "ஐயையோ, செலவாகுது! பேட்டரியைக் கழற்றுங்க!"

அக்கா பாய்ந்து கழற்றினார். மூவரும் கடிகாரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

"பாதி போயிருக்கும்" என்றார் துரைக்கண்ணு துக்கத்தோடு.

குலசேகரன் கடிகாரத்தைக் கொடியில் பதமாகச் சுற்றி வைத்தார். "பரவாயில்லைங்க. செழியனுக்கு அரை நிமிஷம் போதும்."