ரயில் போன மேடும் கிளுவை வேலியும்

ரயில் நின்றுபோன ஒரு சீமையில் நீளமான மண்மேடு ஒன்று கிடந்தது. முன்பு அதன் முதுகில் தண்டவாளம் இருந்தது. காலையில் ஒரு வண்டி கிழக்கே போகும், சாயங்காலம் அதே வண்டி மேற்கே திரும்பும். பிறகு அகலப் பாதையை வேறு வழியாகப் போட்டார்கள். இங்கிருந்த தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேட்டை மட்டும் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஆளில்லாத இடத்துக்குச் சீமைக்கருவேலம் தானாக வந்து சேரும். வந்து சேர்ந்தது. மேடு பல வருஷம் முள்ளுக்கடியில் பேச்சுத் துணையில்லாமல் கிடந்தது.

மேற்கே காரவலசு, கிழக்கே ஊஞ்சப்புதூர். பஸ்ஸில் போவதென்றால் டவுனுக்குப் போய் மாறி, ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போவதென்றால் லாரிகள் பறக்கும் பைபாஸ்தான் வழி. அதனால் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடிப் பேசி, நூறுநாள் வேலைக்காரர்களை வைத்து மேட்டின் மேலிருந்த முள்ளை வெட்டிச் செம்மண் கொட்டின. மேடு பாதையாயிற்று.

பாதைக்குத் தன் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அதன் மேல் ஓடிய ரயில் ஸ்டேஷனைத் தவிர வேறெங்கும் ஒருநாளும் நின்றதில்லை. கால்கள் அப்படியில்லை. நின்றன. செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்க உட்கார்ந்தன. பாதி தூரம் நடந்தபிறகு, சொல்ல மறந்த ஒன்றைச் சொல்லத் திரும்பி வந்தன.

ஆனால் நடுவில் ஓரிடத்தில் பாதை அறுந்திருந்தது.

அந்த இடம் ஆறுச்சாமியின் பூமி. ரயில் போனபிறகு அவர் தன் எல்லைக்குள் இருந்த மேட்டை வெட்டி நிரவி, உழுது, சோளம் போட்டிருந்தார். சுற்றிலும் கிளுவைக் குச்சி ஊன்றி வேலி கட்டியிருந்தார். கிளுவை உயிருள்ள வேலி. ஊன்றிய குச்சியெல்லாம் வேர்விட்டுத் துளிர்த்து, கிளைக்குக் கிளை முள்ளோடு நெஞ்சு உயரத்துக்கு நின்றது. மேற்கிலிருந்து வந்த பாதை அந்த வேலியில் முட்டி நின்றது. கிழக்கிலிருந்து வந்த பாதையும் மறுபக்கம் அதே வேலியில் முட்டி நின்றது.

"கொஞ்சம் விலகி வழி விடு," என்றது பாதை.

"நான் விலகுகிற சாதியில்லை. ஊன்றிய இடத்தில் நிற்பதுதான் என் வேலை," என்றது வேலி.

"என்னால் இரண்டு ஊர் சேரும். அதை நீ தடுக்கிறாய்."

வேலி பதில் சொன்னபோது அதன் குரலில் கோபம் இல்லை.

"உனக்குக் கீழே இருந்த இந்தப் பூமியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நீ வருவதற்கு முன்னால் இது ஒரே காடு, துண்டுபடாத ஒரே உழவு நிலம். நீ வந்து நடுவில் படுத்தாய். வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு ஆயிற்று. கிணறு வடக்கே மாட்டிக்கொண்டது. தெற்கே ஒரு சொட்டு தண்ணீர் போகவில்லை. மழை பெய்தால் வடக்கே பயிர் அழுகும், தெற்கே காயும். ஒருநாள் ஆறுச்சாமியின் அப்பா வடகாட்டை உழுதுவிட்டுத் தென்காட்டை உழ மாட்டை ஓட்டிக்கொண்டு உன் மேல் ஏறினார். ரயில் வந்தது. அவர் தப்பினார், மாடு இரண்டும் போயின. அதற்குப்பிறகு அந்த மனிதர் தென்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. நீ ஊர்களைச் சேர்ப்பவன்தான். இந்தக் காட்டைப் பிரித்தவனும் நீதான்."

அந்த மாடுகள் விழுந்தது பாதையின் மேல்தான். ஆனால் அவை யாருடைய மாடுகள், எங்கிருந்து எங்கே போயின என்று அது கேட்டுக்கொண்டதே இல்லை. அதன் கவனமெல்லாம் அடுத்த ஸ்டேஷனில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றது பாதை மெல்ல. "நான் உயரத்தில் இருந்தேன். முன்னாலும் பின்னாலும்தான் பார்த்தேன். பக்கத்தில் பார்க்கவில்லை."

வேலி அதற்குப்பிறகு கடுமையாக எதுவும் பேசவில்லை. ஆனால் விலகவும் இல்லை.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் சிலர், அது புறம்போக்கு நிலம்தானே, பொக்லைனைக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் வேலியைப் பிடுங்கிவிடலாம் என்றார்கள். ஆறுச்சாமி எழுந்து, பொக்லைன் வந்தால் அதன் முன்னால் படுப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை என்று ஊருக்குத் தெரியும். தலைவி வேலாத்தாள் அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள்.

காரவலசுக்கு அந்த வருஷம் கல்யாணமாகி வந்தவள் தமயந்தி. அவள் பிறந்த ஊர் ஊஞ்சப்புதூர். அங்கே அவள் அம்மா ரங்கநாயகி தனியாக இருந்தாள். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நினைத்தபோது போய்ப் பார்த்துவர பஸ் சரிப்படவில்லை. பாதை போட்டதும் தமயந்தி ஒரு சாயங்காலம் அது எங்கேதான் போகிறது பார்க்கலாமென்று கிளம்பினாள். பழைய ஸ்டேஷனின் கூரையில்லாத சுவரைத் தாண்டி, ஓடைமேல் நின்ற கல்பாலத்தைத் தாண்டி, இருபுறமும் மயில் மேய்கிற தரிசைத் தாண்டி வந்தவள் வேலியில் முட்டி நின்றாள். உள்ளே சோளம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திரும்பிப் போனாள்.

மறுபடி வந்தாள். மறுபடி திரும்பினாள். முள்காட்டு வழியில் தனியாக நடக்கிறாள் என்று தெரிந்தால் அம்மா திட்டுவாள் என்று போனில் இதைச் சொல்லவில்லை. வழி முழுசாகத் திறந்ததும் ஒருநாள் சொல்லாமல் போய் நிற்கவேண்டும் என்று நினைத்திருந்தாள்.

கிழக்குப் பக்கம் ஒரு பெரியம்மா வந்துகொண்டிருந்தாள். கைத்தடி ஊன்றி, மூச்சு வாங்க நின்று நின்று, வேலிவரைக்கும் வருவாள். சோளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பாள். திரும்பிப் போவாள். அது ரங்கநாயகி. வீட்டுக்குள் மட்டும் நட என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளும் மகளிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு பேரும் வருவதும் திரும்புவதும் பாதைக்குத் தெரியும், வேலிக்கும் தெரியும்.

"பார்த்தாயா?" என்றது பாதை.

"நானும் பார்க்கிறேன்," என்றது வேலி. "பார்க்காமல் இருக்கமுடிந்தால் நன்றாக இருக்கும்."

"அப்படியானால்?"

"என்னால் என்ன செய்யமுடியும்? ஊன்றியவர் கையில் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். என்றைக்காவது நீ இந்தக் காட்டுக்குள் வருவதாக இருந்தால் மேடாக வராதே. இறங்கி வா."

ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் மாட்டுக்குப் புல் அறுக்க வேலியோரம் போகிறவள். மேற்கே வந்த பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசியிருக்கிறாள். கிழக்கே வந்த பெரியம்மாவுக்கு ஒருதடவை சொம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அண்ணாந்து தண்ணீர் குடித்த அந்தப் பெரியம்மாவின் முகத்தை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. பிறகு பிடிபட்டது. மேற்கே ஒருத்தி வருகிறாள், உங்களை உரித்து வைத்ததுபோல் இருக்கிறாள், உங்களுக்கு அவள் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

ரங்கநாயகி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "எம் மகளுங்க. அங்கதான் கட்டிக் குடுத்திருக்குது. அவ இங்க வரைக்கும் வர்றாளா?" என்றாள். கேட்டவள் சோளத்தட்டையைப் பார்த்தபடியே நின்றாள்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது மயிலாத்தாள் இதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னாள். அவருக்கு எரிச்சல் வந்தது. அப்பன் ஒரு சோடி மாட்டைப் பறிகொடுத்த இடம் அது, அதற்குப்பிறகு அந்த மனுஷன் எப்படி ஆகிப்போனார் என்பது உனக்குத் தெரியாதா, மறுபடியும் காட்டை இரண்டாக்கச் சொல்கிறாயா என்று கேட்டார்.

மயிலாத்தாள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ரயிலு போயி வருசமாச்சுங்க. நாமதான் இன்னும் அதுக்கு வேலி கட்டீட்டு இருக்கறம்."

மறுநாள் சாயங்காலம் ஆறுச்சாமி கிழக்கு வேலியோரம் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். ரங்கநாயகி வந்தாள். இவர் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவில்லை. வேலிக்குப் பக்கத்தில் வந்து, மேற்கே பார்த்து, குதிகாலை ஒரு விரற்கடை உயர்த்தினாள். முட்டி விடவில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மறுபடியும் உயர்த்தினாள்.

ஆறுச்சாமி எழுந்துபோய் வேலியில் வாசலாக வைத்திருந்த முள்படலைத் தூக்கி ஒதுக்கினார்.

"வாங்க," என்றார். "வரப்பு மேல பாத்து நடங்க. ஈரமா இருக்குது."

அவர் முன்னால் நடக்க, அவள் தடி ஊன்றிப் பின்னால் வந்தாள். இருபுறமும் சோளம் உரசியது. மேற்கு வேலிக்கு வந்து சேர்ந்தபோது தமயந்தி அந்தப் பக்கம் திரும்பிப் போக இருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள் காட்டுக்குள் தன் அம்மா நிற்பதைப் பார்த்து மலைத்துப்போனாள்.

"முட்டி வலி, ஊட்டுல படுத்திருக்கறன்னு சொன்னயே," என்றாள்.

"நீ மட்டும் என்ன, வாசப்படி தாண்டறதில்லன்னு தான சொன்ன," என்றாள் அம்மா.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவே அழுகையும் வந்தது. மேற்குப் பக்கம் படல் இல்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். வேலி தன் முள்ளை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது. வேலிக்கு அது முடியாத காரியம். ரங்கநாயகியின் முழங்கையில் நீளமாக ஒரு கோடு கிழித்து ரத்தம் துளிர்த்தது. அவள் கவனிக்கவே இல்லை.

ஆறுச்சாமி கவனித்தார். வீட்டுக்குப் போய்க் கொடுவாளோடு வந்தார்.

"என் கதை முடிந்தது," என்றது வேலி.

"நீ சாகவேண்டும் என்று நான் கேட்கவில்லை," என்றது பாதை.

"நீ கேட்கவில்லை. வெட்டட்டும். இந்தக் கை கிழிந்ததைப் பார்த்தபிறகு எனக்கே நிற்கப் பிடிக்கவில்லை."

கொடுவாள் விழுந்தது. கிளுவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. ஒரு ஆள் நடக்கிற அகலம் ஆனதும் தமயந்தி உள்ளே வந்தாள். இருட்டுவதற்குள் அம்மாவைக் கையைப் பிடித்துக் கிழக்கே கூட்டிக்கொண்டு போனாள். வேலியில் விழுந்த சந்து வழியாகப் பாதை முதன்முதலாக அந்தக் காட்டைப் பார்த்தது. வடக்கே கிணறு, தெற்கே பச்சை, நடுவே நெளிந்துபோகும் வாய்க்கால்.

ஆறுச்சாமி மறுநாள் வேலாத்தாளிடம் போனார். வழி விடுகிறேன், ஆனால் என் காட்டுக்குள் ஒரு கூடை மண்ணைக்கூட உயர்த்தக்கூடாது, வாய்க்கால் தண்ணீர் தெற்கே போகக் குழாய் பதிக்கவேண்டும் என்றார். அவ்வளவுதானே என்றாள் வேலாத்தாள். இதைக் கேட்க நாங்கள் முதலிலேயே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

அப்படித்தான் ஆயிற்று. இரண்டு பக்கமும் உயரமாக வந்த பாதை அந்தக் காட்டின் எல்லையில் சரிந்து இறங்கியது. உள்ளே தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்கு அடியில் தண்ணீர் தெற்கே ஓடுகிற சலசலப்பைக் கேட்டபோது பாதைக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ரயிலைச் சுமந்த நாட்களில் அதற்கு இப்படி இருந்ததில்லை.

வெட்டிப்போட்ட கிளுவைக் குச்சிகளை ஆறுச்சாமி எரிக்கவில்லை. ஆடு சோளத்தில் பாயாமல் இருக்கவேண்டுமே என்று பாதையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஊன்றினார். ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் விடியலில் ஒரு குச்சியின் கணுவில் பச்சையாக ஒரு முளை தெரிந்தது.

"இருக்கிறாயா?" என்றது பாதை.

"இருக்கிறேன் போலிருக்கிறது," என்றது வேலி, தன்னையே தடவிப் பார்ப்பதுபோல. "குறுக்கே நின்றபோது வருகிறவர்களின் முகத்தையும் போகிறவர்களின் முதுகையும்தான் பார்த்தேன். ஒருத்தர் பேச்சையும் முழுசாகக் கேட்டதில்லை. இப்போது அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரைக்கும் கேட்கிறேன்."

"இதற்கு அப்பாலும் பேசிக்கொண்டுதான் போவார்கள்," என்றது பாதை.

"அது எனக்குக் கேட்காதே," என்றது வேலி.

பாதையோரத்து மற்ற காட்டுக்காரர்களுக்கும் ஆட்டுத் தொல்லை இருந்தது. அவர்கள் வந்து கேட்டார்கள். ஆறுச்சாமி கிளுவையில் கிளை கழித்துக் கொடுத்தார். வாங்கிப்போனவர்கள் அவரவர் எல்லையில் ஊன்றினார்கள். அவர்களிடம் அடுத்தவர்கள் வாங்கினார்கள். அடுத்த ஐப்பசியில் குறுக்கே நின்ற அந்த வேலி, மேற்கே காரவலசுக்கும் கிழக்கே ஊஞ்சப்புதூருக்கும், பாதையின் பக்கத்திலேயே நடந்து போய்ச் சேர்ந்திருந்தது.