பாவாயி அவிழ்த்த காப்பு

லாரிப் பட்டறைகள் வரிசை பிடித்து நிற்கும் அந்த ஊரின் எல்லையில், நெடுஞ்சாலையை ஒட்டி மாரியம்மன் கோயில். வடக்கே போகிற எந்த வண்டியும் அங்கே நின்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகராது. நசுங்கிய பழத்தையும் கற்பூரக் கரியையும் கூட்டி அள்ளுவதுதான் பாவாயி அம்மையாரின் வேலை. கல்குழியில் சம்மட்டி பிடித்து வெடித்துப்போன கைகள். பழச்சாறு பட்டால் தீயாய் எரியும். எரியும்போதெல்லாம், "ஆத்தா தொட்டுப் பாக்கறா" என்று சொல்லிக்கொள்வார். வண்டி கிளம்பினால் விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு ஒரு கும்பிடு. "போற வண்டி திரும்பி வரோணும் தாயே." யார் வண்டி என்று கேட்டதில்லை. அவ்வளவுதான் அவருடைய பூசை.

அவருக்கு இன்னொரு தாயும் இருந்தார், தில்லியிலே. நெருக்கடி நிலை நாட்டைப் பிடித்து உலுக்கிய காலத்தில்தான், கொத்தடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் வந்தது. தலைமுறையாகக் கல்குழியில் கிடந்த பாவாயி அம்மையாரைத் தாசில்தார் ஒருவர் ஜீப்பில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார். அதே நாட்களில், ஆண்களைப் பிடித்துப்போய் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்கிறார்கள் என்ற பேச்சுக்குப் பயந்து அவர் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றில் ஒளிந்து கிடந்தார். விலங்கை உடைத்த கைதான் ஊரை நடுங்கவும் வைத்தது என்பது அம்மையாருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் காலண்டரிலிருந்து இந்திரா காந்தியின் படத்தைக் கிழித்து, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, இரண்டுக்கும் சேர்த்தே விளக்கு வைத்தார்.

அந்த ஐப்பசித் திருவிழாவுக்கு அவர் காப்புக் கட்டியிருந்தார். மகள் நல்லம்மாளுக்கு அதற்கு முன் தங்கிய கருவெல்லாம் கலைந்துபோயிருந்தது. இந்த முறை மாதம் நிறைந்து நின்றது. பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும் என்று குண்டம் இறங்கித் தீ மிதிக்க நேர்ந்துகொண்டு, மஞ்சள் நனைத்த நூலைப் பூசாரி கையால் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் அம்மனுக்கு உரியவர். அவர்மேல் யாரும் கை ஓங்கக்கூடாது. குண்டம் இறங்கும் முன் அதை அவிழ்த்தால், எதற்காக நேர்ந்தோமோ அதுவே கையைவிட்டுப் போகும் என்பது ஊரார் நம்பிக்கை.

காப்புக் கட்டிய வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. இந்திரா காந்தியை அவருடைய காவலர்களே சுட்டுக் கொன்றுவிட்டார்கள், சுட்டவர்கள் சீக்கியர்கள். ஊர் கதவடைத்தது. அம்மையார் சோறு தொடவில்லை. படத்துக்கு முன்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை கோயிலைக் கூட்டப் போனவர், குண்டத்துக்கு அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் ஒரு தலைப்பாகையைக் கண்டார். லூதியானாவிலிருந்து லாரியில் சைக்கிள் பாகம் ஏற்றிவரும் மெஹர் சிங். கியர்பாக்ஸைப் பிரித்துப்போட்டுவிட்டுப் பட்டறையில் காத்துக் கிடந்தவர். வருடா வருடம் இந்தக் கோயிலில் பழம் நசுக்கிப் போகிறவர்தான்.

"அக்கா, என் லாரி கண்ணாடி எல்லாம் உடைச்சான். நான் போறேன். இங்க இருந்தா உன் வீடு எரிப்பான்" என்றார் அவர். உதடு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் சாலையில் கூட்டம் திரும்பிவிட்டது. முன்னால் பட்டறைக்காரர் மகன் சென்றாயன், சட்டையில் கறுப்புத் துணி, கையில் டயர் கழற்றும் கடப்பாரை. ஒளிய இடமில்லை. அம்மையார் மெஹர் சிங்கின் கையைப் பிடித்து இழுத்து திருவிழாவுக்கு நட்டிருந்த அம்மன் கம்பத்தடியில் உட்கார வைத்தார். தம் மணிக்கட்டைப் பார்த்தார். மகளின் வயிறு கண்ணில் வந்து நின்றது. பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து, மெஹர் சிங்கின் கையில், சீக்கியர் அணியும் இரும்புக் காப்புக்கு மேலே அந்த மஞ்சள் நூலைக் கட்டிவிட்டார்.

"ஏ பாவாயி, நவுரு" என்றான் சென்றாயன். "கல்குழியில நாயாட்டம் கெடந்தியே, உன்னைய வெளிய கொண்டாந்தது யாரு?"

"அந்தம்மாதானுங் சாமி."

"அவங்களைக் கொன்ன கூட்டத்துக்கு நிழல் குடுக்கறியா?"

"எனக்கும் நேத்துலருந்து தொண்டையில தண்ணி எறங்கலீங். ஆனா இந்த மனுசன் உங்கப்பாரு பட்டறையிலதானுங் கியர்பாக்ஸைப் பிரிச்சுப்போட்டு உக்காந்திருந்தாரு. தில்லிக்கு எப்பப் போனாருங்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்றாயனுக்கு முகம் கறுத்தது. கடப்பாரை உயர்ந்தது.

"எத்தன பேரு எதுத்தாலும் அந்தம்மா அஞ்சாத நின்னாங்களாமா. அவங்க படத்துக்கு வெளக்கு வெச்ச நான் உங்க கடப்பாரைக்கு அஞ்சி ஓடுனா, அந்த வெளக்குக்கு என்னுங் மருவாதி? அவரு கையைப் பாருங். காப்பு இருக்குது. அடிக்கறதுன்னா ஆத்தாளைக் கேட்டுட்டு அடிங்."

கடப்பாரை அப்படியே நின்றது. அவனும் காப்புக் கட்டியவன்தான். கடைசியில், "உங் கை மொட்டையா இருக்குது பாவாயி. உம் மவளுக்கு நீயே கொள்ளி வெச்சுட்ட" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். மாலைக்குள் போலீஸ் வேன் வந்து மெஹர் சிங்கைப் பத்திரமாக ஏற்றிப்போனது, காப்போடு.

சென்றாயன் சொன்னது வீட்டுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. நல்லம்மாள் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "ஊருல வேற காப்பே இல்லையா அம்மா? எம் புள்ளைக்குக் கட்டுனதுதான் கெடைச்சுதா?" பிள்ளை அசையவில்லை என்று மகள் சொல்லும்போதெல்லாம் அம்மையாருக்கு உயிர் போய் வந்தது. "அவுத்தது தப்பா தாயே?" என்று கூட்டும்போதும் கேட்டார், அள்ளும்போதும் கேட்டார்.

"காப்பை அவுத்தவ குண்டத்துல எறங்கக்கூடாது. இது நாஞ் சொல்றதில்ல, மொறை" என்றார் மாரப்பப் பூசாரி. குண்டத்தன்று காலை அம்மையார் கூட்டத்துக்குப் பின்னால், செருப்பு விடுகிற இடத்தில் நின்றார்.

குண்டம் இறங்குமுன் அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்பது அங்கே வழக்கம். பூ வலப்பக்கம் விழுந்தால்தான் இறங்கலாம். அன்று பூ விழவில்லை. பூசைக் குறையா என்று கேட்டார் பூசாரி. படையல் குறையா என்று கேட்டார். வெயில் ஏறியது. தணல்மேல் சாம்பல் படர்ந்தது. "காப்பை அவுத்த பாவந்தான்" என்று ஒரு குரல். தலைகள் எல்லாம் பின்பக்கம் திரும்பின.

அம்மையார் அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அவுத்தது நான் தாயே! கோவத்தை எம்மேல காட்டு. எம் மவ வயித்துமேல காட்டாத!"

பூசாரிக்கு நாக்குக் குழறியது. "தாயே, பாவாயி செஞ்சது குத்தமில்லைன்னா…"

சொல் முடியவில்லை. பூ வலப்பக்கம் உதிர்ந்தது. அம்மன் கையில் கட்டியிருந்த காப்பும் முடிச்சு அவிழ்ந்து கூடவே விழுந்தது. தன் அடியவள் செய்ததையே தானும் செய்தாள் ஆத்தா.

பூசாரி அழுதுகொண்டே அந்த நூலை எடுத்துவந்து பாவாயி அம்மையாரின் மணிக்கட்டில் கட்டினார். முதலில் அம்மையார் குண்டம் இறங்கினார். அவருக்குப் பின்னால் இறங்கியவர்களில் சென்றாயனும் ஒருவன். அவன் தலை நிமிரவே இல்லை. கார்த்திகை பிறந்ததும் நல்லம்மாளுக்குப் பெண் பிறந்து, தெருக்கோடி வரை கேட்க அழுதது.

அடுத்த ஐப்பசியில் ஒரு லாரி கோயில் முன் நின்றது. இறங்கிய மெஹர் சிங்கின் கையில், இரும்புக் காப்புக்கு மேலே, நிறம் வெளுத்து நைந்த அந்த நூல் இன்னும் இருந்தது.

"ஐயோ, திருவிழா முடிஞ்சா அவுத்துரோணுமுங்!" என்று பதறினார் அம்மையார்.

"தெரியாது அக்கா. எங்க காப்பு கழட்டவே மாட்டோம். இதுவும் அப்படின்னு நினைச்சேன்."

அம்மையார் சிரித்து, எரியும் கையால் அவர் லாரிச் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார். திரும்பி வரோணும் என்று அவர் கும்பிட்டு அனுப்பிய வண்டிகளில் ஒன்றாவது வராமல் போனதாக அந்தச் சாலையில் யாரும் சொன்னதில்லை. தனக்கென்று கட்டிய காவலைப் பிறர்க்கு அவிழ்த்துக் கொடுத்த அந்த வெடித்த கைகளுக்கு நம் வணக்கம்.