ஏழாவது முழக்கம்

பொருள்களே தங்களை ஆண்டுகொண்ட நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதன் வட எல்லையில் ஒரு கணவாய். கணவாய்க்குக் குறுக்கே ஒரு மதில். மதிலின்மேல் மலைமுழக்கி என்ற பீரங்கி. இருபத்தாறு ஆண்டுகள் அதுதான் அங்கே தளபதி. பகைநாட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது அதன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்களாம்.

முதுகில் துரு ஏறத் தொடங்கியதும் தலைநகரிலிருந்து ஓலை வந்தது: மலைமுழக்கி இனி நாட்டின் ஆளுநர்.

மாட்டுவண்டியில் ஏற்றும்போது, பக்கத்தில் நின்று போரிட்ட கடுகு என்ற குட்டிப் பீரங்கி எட்டிப் பார்த்தது.

“அண்ணே, கீழே போனதும் நம்ம மதிலைப் பத்திச் சொல்லுங்க. விரிசல்ல என் கழுத்தே நுழையுது. மழைக்கு முன்னால பூசலைன்னா மொத்தமா சரிஞ்சிடும்.”

“அட போடா! ஆளுநரே நான்தான். ஒரு வார்த்தை சொன்னா போதாதா?”

மாளிகையில் சலவைக்கல் மேடை தயாராக இருந்தது. உடம்புக்கு எண்ணெய், கழுத்துக்கு மாலை, வாய்க்குப் பித்தளை மூடி. செயலாளரான மைக்கூடு குனிந்து வணங்கியது.

“மேதகு ஐயா, இங்கே குண்டு போடுவதில்லை. வெறும் வெடிமருந்துதான்.”

“எதிரி வந்தால்?”

“விருந்தாளிகள்தான் வருவார்கள்.”

“சரி. மதிலைப் பற்றி அமைச்சரவையிடம் பேச வேண்டும்.”

மைக்கூடு இருமியது. “அமைச்சரவை சொல்வதைத் தாங்கள் சொல்லலாம், ஐயா. தாங்கள் சொல்வதை அமைச்சரவை குறித்துக்கொள்ளும்.”

முதல் முறை குறித்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை பரிசீலித்தார்கள். மூன்றாம் முறை ஐயாவின் உடல்நலத்தை விசாரித்தார்கள்.

ஆனால் மதில் விரிந்த செய்தி எப்படியோ சந்தைக்குப் போய்விட்டது. கொத்துக்கரண்டிகள் சில சுண்ணாம்பு மூட்டையோடு மலைக்குக் கிளம்பத் தயாராயின. ஆளுநர் உரையைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தன.

அந்த நாட்டில் ஆளுநர் உரை என்பது இப்படி நடக்கும்: ஆண்டின் முதல் நாளில் மைக்கூடு பன்னிரண்டு வாக்கியங்களைப் படிக்கும். ஒவ்வொன்றும் உண்மை என்பதற்குச் சான்றாக ஆளுநர் ஒரு முறை முழங்கும். ஊரே சேர்ந்து உரக்க எண்ணும்.

உரைக்கு முந்தைய மாலை, மலைமுழக்கி ஏழாவது வாக்கியத்தைப் படித்தது: ‘கணவாய் மதில் உறுதியாக நிற்கிறது.’

“இது பொய்யல்லவா?”

“வாக்கியம் அமைச்சரவையுடையது ஐயா. முழக்கம் மட்டும்தான் தங்களுடையது.”

“ஏழாவதில் நான் வாயைத் திறக்காவிட்டால்?”

மைக்கூட்டின் மை சற்றே தளும்பியது. “ஏன் என்று ஊர் கேட்கும்.”

கேட்கட்டும் என்று மலைமுழக்கி முடிவு செய்தது. நாளை ஏழாவதில் மௌனம். கடுகுக்குக் கொடுத்த வார்த்தைக்கு அது போதும்.

மறுநாள் ஆறு முழக்கங்கள் முடிந்தன. “ஆறு!” என்று கூட்டம் கத்தியது. மைக்கூடு ஏழாவதைப் படித்தது. திரி பற்றியது. மலைமுழக்கி மூச்சை அடக்கிக்கொண்டது.

முன்வரிசையில் ஒரு கிழிந்த குடை பக்கத்துப் பானையிடம் சொன்னது: “கிழவனுக்கு மூச்சு வாங்குது பாரு. இந்தத் தடவை புஸ்ஸுதான்!”

பானை குலுங்கிச் சிரித்தது.

இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு வேட்டுகூட நமத்துப்போகாத பீரங்கி அது. புஸ்ஸா? யாரைப் பார்த்து?

டும்!

அன்று முழங்கிய பன்னிரண்டில் அதுதான் ஆகப் பெரியது. மாளிகையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. “ஏழு!” என்று ஊர் ஆரவாரித்தது.

“பெரியவரே சொல்லிட்டாரு, அப்புறமென்ன?” என்றது மூத்த கொத்துக்கரண்டி. “அங்கேயே கிடந்தவருக்குத் தெரியாததா? மூட்டையை இறக்குங்கப்பா, வீட்டுக்குப் போவோம்.”

மூன்றாம் மாதம் மழை வந்தது. எதிரி யாரும் வரவில்லை. மதில் தானாகவே சரிந்தது. அடியில் கடுகு இருந்தது.

மைக்கூடு புதிய தாளோடு வந்து நின்றது. “இரங்கல் முழக்கம் மூன்று, ஐயா. வாசகம்: ‘எதிரியோடு பொருது கடுகு வீரமரணம் எய்தினார்.’”

“எதிரியே வரவில்லையே!”

“மதில் உறுதியானது என்று தாங்களே முழங்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எதிரி வந்திருக்கத்தான் வேண்டும், ஐயா.”

தூறலில் திரியைப் பற்றவைத்தார்கள். முதல் முழக்கம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் பீரங்கி வாயை இறுக மூடிக்கொண்டது. திரி எரிந்து சாம்பலானது, சத்தமே இல்லை.

அது மாளிகைத் தோட்டத்தைப் பார்த்தது. யாராவது ஏன் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தது.

மைக்கூடுதான் அருகே வந்து, ஆறுதலாக, மெல்லிய குரலில் சொன்னது:

“கவலைப்படாதீர்கள், ஐயா. இரங்கல் வேட்டுகளை யாரும் எண்ணுவதில்லை.”