வெறும் மண்ணுக்குத் தண்ணீர்

டாண்! டாண்! டாண்! நடுப்பகலில் அரண்மனை அபாய மணி அலறியது. பகைவர் படைதான் வந்துவிட்டதோ என்று வீரர்கள் வேலும் கையுமாக ஓடிவந்தார்கள். மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் அரசரேதான். மறுகையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கத்தரிக்காய்! ராஜா நினைத்ததே சட்டமாக இருந்த அந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ராஜா இருந்தார்.

"நம் தோட்டத்தில் விளைந்தது இதுதானா?" என்று சீறினார்.

தோட்ட அதிகாரி திரிலோசனர் ஓடிவந்து கும்பிட்டார். "களை, பிரபு! நீரையும் எருவையும் அதுவே தின்றுவிடுகிறது. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. பிரம்மாவே வந்தாலும் ஒழிக்க முடியாது."

விகடகவி வேம்பனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நெஞ்சும் கனத்தது. ஊரில் களைக்கொத்தும் கையுமாகக் குனிந்து நிற்கும் அவன் மனைவி நாச்சாயி, நிமிரும்போது நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தெறிவாள். அதைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. ஊருக்குப் போக விடை கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார் அரசர்.

"என் வீட்டுக்காரி ஒழிப்பாள், அரசே."

திரிலோசனர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்படியானால் இவரே செய்து காட்டட்டுமே!"

அரசர் வேம்பன் பக்கம் திரும்பினார். "இன்று முதல் அறுபது நாள். பயிர் நடுவே ஒரு களையும் தலைகாட்டக் கூடாது. வென்றால் ஊருக்குப் போ. தோற்றால், அந்தப் பேச்சையே எடுக்காதே."

வேம்பன் நாற்றங்காலில் கத்தரி விதைத்தான். தோட்டத்தை உழுது, எருவிட்டு, எதையும் நடாமல் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினான். திரிலோசனர் சும்மா இருப்பாரா? எருவண்டியில் ஒரு மூட்டைக் களைவிதையைக் கலந்துவிட்டார். வண்டிக்காரன் வந்து காதைக் கடித்தபோதும் வேம்பன் அசையவில்லை.

இருபதாம் நாள் தோட்டமெங்கும் சாரணையும் குப்பைமேனியுமாகக் களை மண்டிக்கிடந்தது. திரிலோசனர் அரசரை இழுத்துவந்தார்.

"பாருங்கள் பிரபு, களைக்குப் பாலூற்றி வளர்க்கிறார் உங்கள் விகடகவி!"

வேம்பன் கைகட்டி நின்றான். "பயிர் நடுவே களை கூடாது என்பதுதானே ஆணை? பயிரே இன்னும் வரவில்லையே, அரசே!"

அரசர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

மண்ணில் ஒளிந்திருந்த விதையெல்லாம் முளைத்தாயிற்று. வேம்பன் அவற்றை மேலாகச் சீவி எறிந்தான். ஆழக் கொத்தினால் அடியில் தூங்குவதும் எழுந்துகொள்ளும் என்பாள் நாச்சாயி. மறுபடி தண்ணீர், மறுபடி சீவல். அதன்பிறகே நாற்றைப் பிடுங்கி நட்டு, இடையில் வைக்கோல் பரப்பினான். ஒவ்வொரு நாற்றை ஊன்றும்போதும் ஊர் ஒரு சாண் கிட்டே வந்தது அவனுக்கு.

அறுபதாம் நாள் செடிகள் ஊதாப் பூவோடு நின்றன. திரிலோசனர் மண்டியிட்டு ஊர்ந்து தேடினார். பட்டு வேட்டி மண்ணானதுதான் மிச்சம். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார்.

வேம்பன் மாலையைக் குனிந்தும் பார்க்கவில்லை. கண் கோட்டை வாசலுக்கு அப்பால் போகும் சாலையில் இருந்தது.

"வண்டி பூட்டச் சொல்லட்டுமா, அரசே? எருவில் விதை கலந்தவரை மட்டும் தண்டிக்க வேண்டாம். ஊருக்குப் போகிற நாளில் யாரும் அழக் கூடாது."

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவரை எப்படியப்பா தண்டிப்பேன்? கலக்கச் சொன்னதே நான்தான். நீயும் போய்விட்டால் இந்த அரண்மனையில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்?"