பல்லக்கு ஏன் ஆடியது?

நாட்டில் யாருக்கு நோவு வந்தாலும் அரண்மனைச் செலவில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கருவேலங்கோட்டை ராஜாவுக்கு ஆசை வந்தது. திவான் அரியநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. சபையில் தடுத்துப் பேசுவதற்குப் பல்லக்கில் கிளம்பினார்.

பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் சடையன். முள் குத்திப் பழுத்த காலோடு நின்றவன், "ஐயா, அரண்மனை வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொன்னால்..." என்று இழுத்தான்.

"உன் காலில் முள் குத்தினால் எனக்கென்னடா நோவு? ஆடாமல் தூக்கு. ஆடினால் சவுக்கடி!" என்றார் திவான்.

"ஆகட்டும் ஐயா. காலிடம் சொல்லிப் பார்க்கிறேன்."

கால் கேட்கவில்லை. சடையன் நொண்ட நொண்டப் பல்லக்கு தொட்டிலாய் ஆடியது. திவானின் தலை இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு. சடையனை இழுத்துக்கொண்டு அவர் சபைக்குள் நுழைந்தபோது நெற்றியில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தது.

"என்ன ஓய் இது?" என்றார் ராஜா.

"எல்லாம் இந்தப் பயல் வேலை. சவுக்கடி கொடுங்கள், மகாராஜா!"

சடையன் கும்பிட்டான். "என் காலில் முள் குத்தினால் தனக்கென்ன நோவு என்று ஐயா கேட்டார், மகாராஜா. வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்."

சபையே சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எல்லோருக்கும் வைத்தியம். தடுத்துப் பேச ஏதாவது உண்டா, திவானே?" என்றார்.

அதற்குள் வைத்தியர் தைலத்தோடு திவானிடம் ஓடிவந்தார்.

"எனக்கு அப்புறம் தடவலாம்," என்று கத்தினார் திவான். "முதலில் அவன் காலைப் பாருமய்யா! நான் வீடு திரும்ப வேண்டாமா?"