கடைமடைக்கு முதல் தண்ணீர்

வெண்ணாவல் ஏரியில் ஒரு வருஷம் அநியாயம் நடந்தது. நடந்தது, கடைசி வயலுக்குப் பாயும் கடைமடை வாய்க்காலுக்கு. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் முறைத் தண்ணீரைப் பட்டணத்துப் பெரிய குழாய் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஏரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் கடைசி வயல்தான் முதலில் நனையவேண்டும். மற்ற வயல்கள் அதற்குப் பிறகுதான். தன் முறை வரவேண்டுமே என்ற கவலையில், வழியில் ஓர் உடைப்பு விழக்கூட மேல்வயல்காரன் விடமாட்டான்.

பட்டணம் வந்து, "உபரித் தண்ணீர் மட்டும் போதும்" என்று கேட்டபோது பாசனச் சங்கம் தலையாட்டியது. ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிவதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. குழாயின் வாயை எங்கே வைக்கிறார்கள் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அதை, வயலுக்குத் தண்ணீர் விடும் மதகின் படிக்கும் கீழே, ஏரியின் அடிவயிற்றில் வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். ஒரு நனைப்பு கிடைத்தால் மணி, கிடைக்காவிட்டால் பதர். கடைமடை பதறிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

"மதகண்ணே, இன்னைக்கு என் முறை. ஏன் திறக்கலே?"

"குழாய் நிறையிற வரைக்கும் திறக்காதேன்னு உத்தரவு, தங்கச்சி. என் படிக்கு மேலே ஒரு சாண் தண்ணிதான் நிக்குது. அதுவும் இறங்கிட்டா நான் திறந்தும் பிரயோசனமில்லே."

அவள் குழாயிடம் திரும்பினாள். "ஓய் குழாயாரே! அடிவயித்துல வாயை வெச்சு உறிஞ்சுறதுக்குப் பேர் உபரியா?"

"கோவிச்சுக்காதே, தங்கச்சி. குடிதண்ணி விவகாரம். குழந்தைங்க நாக்கு வறண்டு கிடக்கு. உன் நெல்லு பெரிசா, புள்ளைங்க பெரிசா?"

அதற்கு நேரே நின்று 'நெல்தான்' என்று எந்த வாயால் சொல்வது? ஆனாலும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

"அந்தப் புள்ளைங்க சோறு திங்காதா?"

"அரிசி கடையில கிடைக்குமே."

"கடைக்காரர் பெட்டிக்குள்ளேயா விளையுது?"

"நல்ல கேள்வி. உக்காரு, நிதானமா பேசலாம்."

"தங்கச்சி, அரைச் சாண்!" என்று மதகு கத்தினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழாயார் பேசிக்கொண்டே குடிக்கிறார். வாதம் நீள நீள அவருக்குத்தான் ஆதாயம். முதல்தடவையாகத் தன் நாக்கைக் கண்டே பயந்தாள்.

"ஏரியம்மா, நீயே சொல்லு. கட்டுப்பாடு இருக்கா, செத்துப்போச்சா?"

ஏரி வாய்திறக்குமுன் குழாயார் முந்திக்கொண்டார். "அதே கட்டுப்பாட்டைத்தானே நானும் சொல்றேன்! தூரத்துல இருக்கவனுக்கு முதல் முறை. உன் வயல் கூப்பிடு தூரம். என் பட்டணமோ கண்ணுக்கே தெரியாது. அப்போ கடைமடை யாரு? நான்தானே?"

தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"சரி, நீர்தான் கடைமடை. ஒத்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

"அடியே, என்ன பேச்சு பேசுறே!" என்று பதறினான் மதகு.

"பொறுண்ணே. குழாயாரே, கட்டுப்பாடு உம்ம வயித்துக்குள்ளேயும் நடக்கணுமில்லே? உம்ம கடைசித் தெருக்குழாய் முதல்ல நனைஞ்சுச்சான்னு கேப்போம்."

குழாயார் முதல்முறையாகத் தடுமாறினார். "அது எங்க உள்விவகாரம்."

"என் வயித்துல வாயை வெச்சவனுக்கு என்னடா உள்விவகாரம்?" என்றாள் ஏரி. "குடிக்கிறதை நிறுத்து. அந்தத் தெருக்குழாய் நனைஞ்சிருந்தா முதல் முறை உனக்குத்தான். இவ நெல்லு காஞ்சாலும் நான் கேக்கமாட்டேன். அந்தக் குழாய் காஞ்சு கிடந்தா இப்பவே மதகு திறக்கும். நீ வாயை மூடிட்டு வரிசையில நில்லு."

உறிஞ்சும் சத்தம் நின்றது. படிக்கு மேலே நாலு விரல் தண்ணீர்தான் மிச்சம். கடைமடை குழாயின் வாயில் முகத்தை வைத்து, "கடைசித் தெருக்குழாயே! தண்ணி வந்துச்சா?" என்று கூப்பிட்டாள்.

வந்தது என்றால் தன் நெல் போயிற்று. வரவில்லை என்றால் அந்தத் தெருப் பிள்ளைகள்? எந்தப் பதிலுக்கு ஆசைப்படுவது என்றே தெரியவில்லை.

குரல் மாடிவீட்டுத் தொட்டிகளையும் புல்தரை பங்களாக்களையும் கடந்து போயிற்று. மதகின் கை திருகின்மேல் இருந்தது. நெடுநேரம் கழித்து, புஸ்ஸென்ற இரைச்சலோடு, மெலிந்த குரல் ஒன்று வந்தது:

"காத்துதான் வருது, அக்கா. தண்ணியெல்லாம் வயக்காட்டுக்காரங்க புடிச்சு வெச்சுக்கிட்டாங்கன்னுதானே எங்ககிட்டே சொன்னாங்க?"