மஞ்சள் புல்லுக்குப் பயந்த குரங்கு

காட்டுக் குளக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சியில் நெடுவாலன் என்ற குரங்கு காவல் இருக்கும். சிறுத்தை வந்தால் அது கத்தும். கீழே நீர் குடிக்கும் மான்கள் உடனே ஓடிவிடும். அதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

ஒருநாள் மஞ்சள் புல்லுக்குள் பதுங்கி வந்த சிறுத்தை, நெடுவாலனின் தாயை அதன் கண்ணெதிரே கவ்விச் சென்றது. அன்றிலிருந்து மஞ்சள் புல் அசைந்தாலே போதும், நெடுவாலன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தும். பாவம், அதைத் திட்டவும் மனம் வராது.

கோடை வந்தது. காட்டுப் புல் முழுவதும் மஞ்சளானது. காற்று அடிக்கும்போதெல்லாம் நெடுவாலன் கத்தியது. மான்கள் தண்ணீரில் வாய் வைப்பதற்குள் ஓடின. செம்பி என்ற பெண்மானின் குட்டி, நாக்கு வறண்டு நிற்கக்கூட முடியாமல் கிடந்தது.

"இனி இவன் கத்தினா திரும்பியே பாக்கக் கூடாது!" என்று சீறியது கிழட்டு ஆண்மான்.

"நெசமாவே சிறுத்தை வந்தா?" என்று கேட்டது செம்பி. 

செம்பி மரத்தடிக்குப் போனது. "தம்பி, கத்துறப்ப என்னத்தப் பாக்குற?"

"எதையும் பாக்கல அக்கா! கண்ணத் தொறந்தா அம்மா நெனப்புதான் வருது!"

"இப்பத் தொற. நான் புல்லுக்குள்ள போறேன். நீ கீழ்க்கிளைக்கு வந்து என்னைப் பாத்துக்கோ."

"வேண்டாம் அக்கா! போகாதே!"

செம்பி போய்விட்டது. நெடுவாலன் அழுதுகொண்டே கிளை கிளையாக இறங்கியது. கண்ணை மூடினால் அக்காவை யார் பார்ப்பது? அது மூடவில்லை.

காற்று அடித்தது. புல் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்தது. செம்பி நடந்த இடத்தில் மட்டும் புல் விலகி வழிவிட்டது.

"அக்கா, காத்து வேற, கால் வேற!" என்றது நெடுவாலன். பிறகு தரையில் குதித்து, கையால் புல்லைத் தொட்டது. அது வெறும் காய்ந்த புல்.

அன்று மாலை காற்று பலமாக வீசியது. நெடுவாலன் கத்தவில்லை. செம்பியின் குட்டி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

சில நாள் கழித்து, காற்றே இல்லாத காலையில், புல் ஓரிடத்தில் மெல்ல விலகியது. நெடுவாலன் கண்ணை மூடவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுக் கத்தியது.

"ஓடுங்க! சிறுத்தை!"

கிழட்டு ஆண்மான்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. குட்டி தாயோடு தப்பியது. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பியது.

கண்ணை மூடிக்கொண்டால் பயம் வளரும். கண்ணைத் திறந்து அருகில் போய்ப் பார்த்தால்தான் எது ஆபத்து, எது வெறும் காற்று என்று தெரியும்.